அக்காவின் ஓர்க்கிட் செடியும் களிமண் உருண்டைகளும்



கடந்த மாதம் ஞாயிறு காலை நிகழ்ச்சியில் வீட்டுக்குள் செடி வளர்ப்பது பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். நிகழ்ச்சி முடிந்த பின்பும் தொலைபேசி ஓயவில்லை. கறிவேப்பிலை பற்றித்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அழைத்தவர்களில் ஐந்து பேர் ஏறக்குறைய ஒரே விடயத்தைத்தான் கேட்டார்கள். ஒரு சகோதரி சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணை, அந்தப் பெரிய வெள்ளைப் பூப் பூக்கிற ஓர்க்கிட்டைக் களிமண் உருண்டைக்கு மாத்தினன், நல்லா நிக்குது. அதை நம்பி மற்றதையும் மாத்தினன். ஒரு மாதத்திலை வேரெல்லாம் கறுத்துப் போச்சு. ஒரே மாதிரித்தானே செய்தனான், ஏன் அப்பிடி?"

அந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் வானலையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் தாவரவியல் படித்தவன் அல்லன். வணிகம் படித்துவிட்டு இங்கே ரொறன்ரோவில் மற்றவர்களுடைய வரிக் கணக்குப் பார்ப்பவன். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். ஒரு செடியை ஏறக்குறையக் கொன்றுதான் அதைத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் செடி என்னுடையது அல்ல, என் பெரியக்காவுடையது. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்து வீட்டில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகைப் பந்தல் என்று முற்றம் முழுவதும் அவருடைய ஆட்சிதான். 1999 இல் கனடா வந்த நாளிலிருந்து ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறார். அங்கே மண் ஏது? ஓர்க்கிட் என்ற பூவை அவர் முதன்முதல் கண்டது பள்ளிக்கூடச் சுற்றுலாவில், பேராதனைப் பூங்காவில். 2011 இல் அவருடைய மகள் பிறந்தநாளுக்கு ஒரு ஒன்சிடியம் செடி வாங்கிக் கொடுத்தாள். ஷெரி பேபி என்ற கலப்பினம். சிவப்பும் வெள்ளையும் கலந்த சின்னஞ்சிறு பூக்கள், கிளைவிட்ட நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாய் வரும். வெயில் ஏறுகிற முற்பகல் வேளையில் வீடு முழுக்கச் சொக்கிலேற் மணக்கும்.

அக்காவுக்குக் கண்ணில் அழுத்த நோய். ஆண்டுக்கு ஆண்டு பார்வை சுருங்கி வந்தது. பூவின் நிறம் தெரியாமல் போன பிறகும் மணத்தை வைத்து, "இண்டைக்கு இன்னும் ரெண்டு விரிஞ்சிருக்கு" என்பார். 2018 கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்தத் தொட்டிக்குள்ளை பட்டை எல்லாம் உக்கிப் போச்சு. தண்ணி விட்டால் சேத்து மணம் வருது. எனக்குப் பாத்துச் செய்யேலாது. நீ மாத்தித் தா" என்றார்.

அப்போது நான் களிமண் உருண்டை முறையைப் புதிதாகப் பிடித்திருந்தேன். என்னிடமிருந்த மூன்று பலனொப்சிஸ் செடிகள் (மேலே அந்தச் சகோதரி சொன்ன பெரிய வெள்ளைப் பூக்காரி இதுதான்) அதிலே அருமையாக நின்றன. அக்காவின் செடியை 2019 ஜனவரி முதல் வாரத்தில் மாற்றினேன். ஏன் ஜனவரி? பெப்ரவரி தொடங்கினால் வரிக்காலம், எனக்கு மூச்சுவிட நேரமில்லை. செடிக்கு அது ஏற்ற காலமா என்று நான் யோசிக்கவே இல்லை. பட்டையை எல்லாம் பிடுங்கி, வேரைச் சுத்தமாகக் கழுவி, பெரிய உருண்டைகளுக்குள் இறக்கி, குளிரான யன்னல் ஓரத்தில் வைத்தேன். மார்ச் நடுப்பகுதியில் ஒன்பது குமிழ்களில் ஏழு சுருங்கி, அடிப்பக்கம் கூழாகி இருந்தன. அக்கா வாராவாரம் தொலைபேசியில் கேட்பார். "நிக்குது அக்கா, பரவாயில்லை" என்று நான்கு வாரம் பொய் சொன்னேன். ஐந்தாவது வாரம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மிச்சம் என்ன இருக்கு?" என்றார். "ரெண்டு குமிழ்." "அப்ப அந்த ரெண்டையும் பார்" என்றுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான் என்ன பிழை விட்டேன் என்பதை விளங்க வேண்டுமானால் முதலில் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

லெக்கா என்று கடைகளில் விற்கப்படும் உருண்டைகள் சாதாரண களிமண்ணே. சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது உள்ளே வாயு உண்டாகிப் பொரிபோல உப்பிவிடும். உள்ளே நுண்ணிய துளைகள், வெளியே சற்றுச் சொரசொரப்பான தோல். இது உக்காது, சத்து எதையும் கொடுக்கவும் மாட்டாது. அடியில் துளை இல்லாத ஒரு தொட்டியின் பக்கத்தில், அடியிலிருந்து ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு சிறு துளைகள் போடுகிறோம். தொட்டி நிறைய உருண்டை. மேலே தண்ணீர் ஊற்றினால் துளைக்கு மேற்பட்டது ஓடிவிடும், துளைக்குக் கீழே உள்ளது தேங்கி நிற்கும். குத்துவிளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல உருண்டைகள் அந்தத் தண்ணீரைக் கீழிருந்து மேலே இழுக்கும். உருண்டைகளுக்கு இடையில் காற்று இருக்கும். வேருக்கு ஈரமும் காற்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும். அரை நீர்வளர்ப்பு என்று இதைச் சொல்லலாம். ஓர்க்கிட் வளர்ப்போர் மத்தியில் இதைப் பரவலாக்கியவர்களில் அமெரிக்காவைச் சேர்ந்த றே பார்க்கலோ முக்கியமானவர்.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடியது 9 மில்லிகிராம் மட்டுமே. அதுவும் தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. மரப்பட்டை இரண்டு ஆண்டில் உக்கித் தூளாகி இடைவெளி அடைபட்டால், வேர் தண்ணீரில் அழுகுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது மூச்சுத் திணறித்தான் சாகிறது. அழுகல் பிறகு வருவது.

இனி வேர்களுக்கு வருவோம். பலனொப்சிஸின் வேர் கயிறு போன்றது. மொத்தமாய், எண்ணி எடுக்கலாம் போல இருக்கும். அதைச் சுற்றி வெலமன் என்ற பஞ்சுபோன்ற தோல் தடிப்பாக உண்டு. தண்ணீரை உறிஞ்சிச் சிறிது நேரம் சேமித்தும் வைக்கும். ஒரு நாள் காய்ந்தாலும் சமாளிக்கும். ஒன்சிடியம் வேறு சாதி. ஒவ்வொரு குமிழின் அடியிலிருந்தும் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் ஏராளமான வேர்கள் வந்து, கிளைவிட்டு, ஒன்றோடொன்று பின்னித் தும்புத் தடியின் தலைபோல ஆகிவிடும். அவற்றிலும் வெலமன் உண்டு, ஆனால் மெல்லியது. சேமிப்பு மிகக் குறைவு. மில்தோனியொப்சிஸ், மஸ்டிவாலியா போன்றவையும் இந்த மெல்லிய வேர்க் கூட்டத்தில்தான் சேரும்.

இப்படிப்பட்ட வேரைப் பெரிய உருண்டைக்குள் வைத்தால் இரண்டு எதிரெதிரான தீமைகள் ஒரே தொட்டியில் நடக்கின்றன. ஓரத்து வேர்கள் உருண்டைகளுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தில் எதையும் தொடாமல் தொங்குகின்றன. குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடும் நம் வீடுகளில் காற்றின் ஈரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே போய்விடும். அந்த வேர்கள் ஒரே நாளில் காய்ந்து நூலாகும். நடுவிலோ, உருண்டை உள்ளே புக முடியாத அளவுக்கு வேர் நெருங்கி, இடையில் பழைய பட்டைத் தூளையும் பிடித்துக்கொண்டு, ஈரப் பஞ்சுபோல இருக்கும். அங்கே காற்றுப் போகாது. அக்காவின் செடி வெளியே காய்ந்து, உள்ளே அழுகி இறந்தது. நான் தண்ணீர் கூடிவிட்டதென்று குறைப்பதும், குறைந்துவிட்டதென்று கூட்டுவதுமாக இருந்தேன்.

இன்னொரு பெரிய பிழை காலம். ஒரு வேர் எந்தச் சூழலில் வளர்ந்ததோ அந்தச் சூழலுக்கேற்பவே அதன் அமைப்பு இருக்கும். பட்டையில் நனைந்து காய்ந்து வளர்ந்த வேர், எப்போதும் ஈரமான உருண்டைக்குப் பழகுவது அரிது. பெரும்பாலும் மெல்ல மெல்ல இறந்துவிடும். உருண்டைக்குள் புதிதாகப் பிறக்கும் வேர்தான் அந்த ஈரத்தில் நன்றாக வாழும். ஆகவே பழைய வேர்கள் போய்ச் சேர்வதற்குள் புதிய வேர்கள் வந்தாக வேண்டும். பழைய வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன் புதிய கணக்கில் சம்பளம் விழத் தொடங்க வேண்டும் என்பதுபோல. ஜனவரியில் அக்காவின் செடியில் புதிய முளையே இல்லை. நான் கணக்கை மூடிவிட்டு வரவு வரும் என்று காத்திருந்தேன்.

சரியான காலத்தை அறிவது கடினமல்ல. கடைசிக் குமிழின் அடியிலிருந்து புதிய முளை வரும். அது ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் உயரும்போது அதன் அடியில் அரிசி முனைபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவைதான் புதிய வேர்கள். அவை ஒரு சென்ரிமீற்றர் நீளுமுன் மாற்றிவிட வேண்டும். நீண்டுவிட்டால் கை பட்டதும் முனை முறியும். இங்கே யன்னல் ஓரச் செடிகள் பலவற்றில் இது ஏப்ரல் முதல் யூன் வரை நடக்கிறது. ஆனால் மாதத்தைப் பார்க்காதீர்கள், முளையைப் பாருங்கள். பூக்காம்பு நிற்கும் செடியைத் தொடவே வேண்டாம்.

இனிச் செய்முறை. முதலில் உருண்டையின் அளவு. பொதுவாகக் கிடைப்பது 8 முதல் 16 மில்லிமீற்றர் வரையானது. மெல்லிய வேருக்கு அது பெரிது. 4 முதல் 8 மில்லிமீற்றர் அளவில் உள்ளதைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சிறிய நுரைக்கல்லோ பருமனான பேர்லைற்றோ கலக்கலாம். பேர்லைற்றைக் கையாளுமுன் நனைத்துவிடுங்கள், அதன் தூசு நெஞ்சுக்குக் கூடாது. உருண்டைகளைத் தூசு போகும்வரை பலதடவை கழுவி ஒருநாள் முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி அலச வேண்டும். காய்ந்த உருண்டை வேரிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதை மறக்க வேண்டாம். தொட்டிக்குச் சிறப்பாக எதுவும் வேண்டியதில்லை. நான் பயன்படுத்துவது கடையில் உணவு அடைத்துத் தரும் உயரமான, ஒளி புகும் பிளாஸ்ரிக் டப்பா. வேரும் தண்ணீரும் வெளியே தெரியும். உட்பக்கம் பாசி பச்சையாய்ப் படரும், அதனால் கேடில்லை.

செடியை எடுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். நனைந்த வேர் வளையும், காய்ந்த வேர் ஒடியும். தொட்டியோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் தொட்டியை வெட்டுங்கள். தொட்டி ஒரு டொலர். பிறகு வேர்க் கட்டியை அப்படியே இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளியில் அரை மணித்தியாலம் அமிழ்த்தி வைத்து, மெதுவாக அசையுங்கள். பாதிப் பட்டை தானாகக் கழன்று அடியில் படியும். மீதியைக் குளியலறைப் பூவாளிக் குழாயின் மெல்லிய நீரால் கழுவலாம். கட்டியைத் தலைகீழாய்ப் பிடித்து, அடிப்பக்கத்தின் நடுவால் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை விட்டு, சிக்குத் தலையை நுனியிலிருந்து சீவுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். மேலிருந்து கீழே இழுத்தால் சிக்கு இறுகும். நான் 2019 இல் செய்தது அதுதான்.

நடுப்பகுதியைக் கவனியுங்கள். கடையில் வாங்கும் செடிகள் பலவற்றின் மையத்தில், நாற்றுப் பருவத்தில் வைத்த பாசியோ பீற்றோ ஒரு முட்டை அளவில் அப்படியே இருக்கும். வெளியே பட்டை காய்ந்திருந்தாலும் அது ஈரமாயிருக்கும். அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். எப்போதும் ஈரமான உருண்டைக்குள் அது போனால் அழுகலின் தொடக்கம் அங்கேதான். ஆனால் உயிருள்ள வேர் இறுகப் பற்றியிருக்கும் மரப்பட்டைத் துண்டு நான்கு ஐந்து இருந்தால் விட்டுவிடுங்கள். அதைப் பிய்க்கப் போய் வேரை உரிப்பதைவிட அது இருப்பது மேல். இது என் கருத்து. முழுவதும் சுத்தமாக்க வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

எது உயிருள்ள வேர், எது செத்தது என்று நிறத்தை வைத்துச் சொல்லக் கூடாது. பட்டைச் சாயம் ஏறிய நல்ல வேரும் மண்ணிறமாகத்தான் இருக்கும். விரலால் மெல்ல நசுக்குங்கள். உயிருள்ளது திண்மையாய் இருக்கும். செத்தது உள்ளீடில்லாமல் நசுங்கும், தோல் உருவி நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சும். அந்த நூலை இழுக்காமல் கத்தரியுங்கள், மற்றவற்றோடு பின்னியிருக்கும். ஒரு செடியிலிருந்து மற்றதற்குப் போகுமுன் கத்தரிக்கோலை நெருப்பில் காட்டுங்கள். ஓர்க்கிட்டைத் தாக்கும் வைரசுகள் வெட்டும் கருவி வழியாகத்தான் எளிதில் பரவுகின்றன. வெட்டுக்காயத்துக்குக் கறுவாத்தூள் பூசுவது நம்மவர் மத்தியிலும் பரவிவிட்டது. குமிழ்களை இணைக்கும் தண்டை வெட்டிய இடத்தில் பூசலாம். வேரில் தூவினால் வேரைக் காயவைத்துவிடும்.

எல்லாம் கழுவிய பின்னும் வேர் அடர்ந்து உருண்டை புகாத நிலையில் இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. செடி பெரிதாயிருந்தால் பகுதிக்கு மூன்று குமிழுக்குக் குறையாமல் பிரிக்கலாம். பிரிக்கும் அளவு இல்லையென்றால் பழைய வேர்களின் கீழ்ப்பாகத்தில் மூன்றில் ஒன்றை நேராக வெட்டிவிடுகிறேன். உயிருள்ள வேரை வெட்டுவதா என்று கேட்பீர்கள். தேங்கிய தண்ணீருக்குள் நிற்கப்போகும் பழைய வேர் எப்படியும் செத்து அந்தத் தண்ணீரைக் கெடுக்கும். அதற்கு இது மேல் என்பது என் அனுபவம். புதிய வேர்கள் தாங்களாகவே தண்ணீர் மட்டத்துக்கு இறங்கி வரும்.

உருண்டை நிரப்புவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தொட்டியின் அடியில் தண்ணீர் மட்டத்துக்கு மேல்வரை உருண்டை போட்டு, நடுவில் சிறு மேடாக்குங்கள். அந்த மேட்டின்மேல் வேர்களைக் குடைபோல விரித்துச் செடியை வையுங்கள். இனி ஒரு பிடி ஈர உருண்டை, கொஞ்சம் தண்ணீர், தொட்டியின் பக்கத்தில் நாலு தட்டு. மறுபடி ஒரு பிடி. தண்ணீரும் தட்டலும் உருண்டைகளை வேர்களுக்கிடையில் இறக்கும். குச்சியால் குத்தி இறக்காதீர்கள். தொட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்பவும் முயல வேண்டாம். நான் முயன்றேன், உருண்டைகள் மிதந்து சமையலறை முழுவதும் உருண்டன. குமிழின் அடி உருண்டை மட்டத்தில் இருக்க வேண்டும், புதையக் கூடாது. புதிய வேர் முனைகள் மேல் உருண்டைகளைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பிறகு செடி ஆடாமல் ஒரு தடியில் கட்டிவிடுங்கள். இதைச் சின்ன விடயமென்று விடாதீர்கள். செடி ஆடும்போதெல்லாம் மெல்லிய வேர் முனைகள் உருண்டையில் உரசி நசிந்துவிடும்.

முதல் ஆறு வாரம்தான் ஆபத்தான காலம். 20 முதல் 25 பாகை சூடு, நேர் வெயில் இல்லாத வெளிச்சம். நம் ஊரில் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துப் போகிறது. களிமண் உருண்டையிலும் அதுவே நடக்கிறது. தொட்டியின் உட்புறம் அறையைவிடக் குளிராக இருக்கும். குளிர்கால யன்னல் கட்டில் அது இன்னும் மோசம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் புதிய வேர் நகராது. தேவையானால் விதை முளைக்கவைக்கும் சூட்டுப் பாய் ஒன்றை அடியில் வையுங்கள். காற்று வறண்டிருந்தால் நாலைந்து ஓட்டை போட்ட ஒளி புகும் பையால் செடியைத் தளர்வாக மூடலாம். புதிய இலை கைவிசிறிபோல மடிப்பு மடிப்பாய் வந்தால் வேர் போதிய தண்ணீர் எடுக்கவில்லை என்று பொருள். விழுந்த மடிப்பு நிமிராது. அடுத்த இலை நேராக வருகிறதா என்று பாருங்கள். ஷெரி பேபி வைத்திருப்போர் இலையில் கரும்புள்ளி கண்டு பயப்படுகிறார்கள். அந்த இனத்தின் சுபாவம் அது.

தண்ணீர் விடும்போது ஒவ்வொரு தடவையும் தொட்டி நிறைய மேலிருந்து ஊற்றி ஓடவிட வேண்டும். தேங்கியதோடு சேர்த்துச் சும்மா கொஞ்சம் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மேல் உருண்டைகளில் வெள்ளையாய்ப் படிந்தால் அதுதான். ரொறன்ரோக் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது. லீற்றருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் அளவில் நடுத்தர வன்மை. ஒழுங்காக ஓடவிட்டால் ஒன்சிடியம் சமாளிக்கிறது. மில்தோனியொப்சிஸ் சமாளிக்காது, அதற்கு மழைநீர் நல்லது. கிச்சினர், வாட்டர்லூப் பக்கத்து நேயர்கள் கவனிக்க: உங்கள் தண்ணீரில் பெரும்பகுதி நிலத்தடி நீர், வன்மை அதிகம். அதற்காக வீட்டில் உப்புப் போடும் மென்மையாக்கி வைத்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் சோடியம் உண்டு. செடிக்கு அதை விடவே வேண்டாம்.

பசளைக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. உருண்டையில் சத்தே இல்லாதபடியால் ஒவ்வொரு தடவையும் மிகக் குறைந்த அளவு பசளை வேண்டும். பெட்டியில் 20-20-20 என்று இருந்தால் முதல் எண் நைதரசன், நூற்றுக்கு இருபது. ஒரு கிராம் பசளையில் 200 மில்லிகிராம் நைதரசன். அதை நான்கு லீற்றர் தண்ணீரில் கரைத்தால் லீற்றருக்கு 50 மில்லிகிராம். மெல்லிய வேருக்கு அது தாராளம். கரண்டியால் குத்துமதிப்பாகப் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். மாற்றி முதல் மூன்று வாரம் பசளையே வேண்டாம். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள்.

அக்காவின் இரண்டு குமிழ்களையும் ஈரப் பாசியில் சுற்றி ஒரு பையில் வைத்திருந்தேன். 2019 யூனில் ஒரு முளை வந்தது. வேர்ப் புள்ளி தெரிந்த அன்றே சிறிய உருண்டைகளுக்கு மாற்றினேன். 2020 இல் கொவிட் முடக்கத்தால் அக்காவின் வீட்டுக்கே போக முடியாத மாதங்களில் தொலைபேசியில் வேர் எத்தனை, இலை எத்தனை என்று கணக்குக் கொடுத்தேன். 2021 நவம்பரில் பூத்தது. பதினொரு பூ. காருக்குள் சூட்டை ஏற்றிவிட்டு, செடியைப் போர்வையால் மூடி அக்காவிடம் கொண்டுபோனேன்.

2024 மேயில் தொட்டி நிறைய வேர் அடைத்து நின்றது. இந்தமுறை அதே உருண்டையில் வளர்ந்த வேர் என்பதால் எதையும் கழுவவில்லை. இரண்டாகப் பிரித்து, உருண்டையோடு அப்படியே பெரிய தொட்டிகளுக்கு இறக்கினேன். ஒரு இலைகூட வாடவில்லை. ஒன்று அக்காவிடம், ஒன்று என்னிடம். இப்போது அவருக்கு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். ஆனாலும் தண்ணீர் அவரே விடுகிறார். தொட்டியைக் கழுவுதொட்டிக்குள் வைத்து, பக்கத்துத் துளையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு மேலே ஊற்றுவார். விரலில் தண்ணீர் ஓடினால் நிறைந்துவிட்டது. தூக்கிப் பார்த்துப் பாரத்தை வைத்து அடுத்தது எப்போது என்று சொல்வார். பட்டையில் இருந்தபோது இது முடியாமல் இருந்தது.

கறிவேப்பிலையையும் உருண்டைக்கு மாற்றலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அது மண்ணில் வாழும் மரம். நல்ல மண் கலவையில் நிற்கிறதென்றால் நிற்கவிடுங்கள்.

செடியைக் கொண்டுவந்து காட்ட விரும்புவோர் மே மாதத்திலிருந்து ஞாயிறு நிகழ்ச்சி முடிந்ததும் கலையகத்துக்கு வரலாம். முளையும் அப்போதுதான் வரும். ஏப்ரல் 30 வரைக்கும் என்னிடம் வரி விடயம் தவிர வேறெதுவும் கேட்க வேண்டாம்.